கையொப்பமும் மனச்சாட்சியும்



களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் பாறசாலை வரும். அதற்கும் அப்பால் நெய்யாற்றின்கரை. இடையே தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் எல்லை தொடங்குகிறது. சட்டசபைத் தேர்தலில் எல்லையின் இருபுறத்தாரும் வேறு வேறு சபைகளுக்கு அங்கத்தினரை அனுப்புகின்றனர். அவ்வங்கத்தினர் அனைவரும் ஒருவரையே தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் தேர்தல் ஒன்று உண்டு. அதுவே ஜனாதிபதி தேர்தல்.

அத்தேர்தலில் வாக்கின் மதிப்பு ராஜ்யத்திற்கு ராஜ்யம் வேறுபடும். 1969-ஆம் ஆண்டில் விளவங்கோட்டு அங்கத்தினரின் ஒரு வாக்குக்கு மதிப்பு 144. பாறசாலை அங்கத்தினரின் வாக்குக்கு 127. 1961-ஆம் ஆண்டின் ஜனத்தொகையை அங்கத்தினர் தொகையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்துக் கண்ட கணக்கு அது. பார்லிமெண்டு அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் 576. அவ்வாண்டின் தேர்தலைப் பற்றியே இன்று சிந்திக்க விழைகிறோம். மரபைப் போற்றுவோரின் நிலையில் நின்றே சிந்திக்கிறோம் என்பதையும் மறைக்கவில்லை.

1969 மே 3-ஆம் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் காலமானார். உப ஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அவர் 1960 முதல் 1965 வரை கேரள கவர்னராகத் திருவனந்தபுரத்தில் இருந்தவர், நெய்யாற்றின்கரையாருக்குப் புதியவரல்லர். ஜூலை மாதத்தில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டில் யாரை நிறுத்துவது என்ற வினா எழுந்தது. பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன் ராமை முன்வைத்தார். பெரும்பான்மையோர் லோக்சபைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். அவ்வாண்டு ஜனவரியில்தான் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று லோக்சபை புகுந்த காமராஜரும் ரெட்டியின் பக்கமே நின்றார்.

ரெட்டியின் வேட்புமனுவில் பிரதமரே கையொப்பமிட்டார். ஆயினும் கிரி தம் பதவியைத் துறந்து சுயேச்சையாக நின்றார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை ஆதரித்தன. தி.மு. கழகமும் கம்யூனிஸ்டுக் கட்சிகளும் கிரியை ஆதரித்தன. தேர்தல் நெருங்கிய வேளையில், அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று பிரதமர் தம் கட்சியினருக்குக் கூறினார்.

ஆகஸ்டு 16-இல் வாக்குப்பதிவு, 20-இல் முடிவு. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதற்சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணியபின் கிரி 4,20,077 பெற்றார், ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650 மட்டுமே. பதின்மூன்று பார்லிமெண்டு அங்கத்தினர் மாறி வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

பிரதமர் செய்தது சரியே என்போரின் வாதத்தையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். ஜனாதிபதி கட்சியின் ஊழியரல்லர், வாக்கு இரகசியமானது, கொறடாவின் கட்டளை அங்கே செல்லாது. இவையெல்லாம் மெய்யே. மேலும், போர்டில் இருந்த மூத்தோரும் குற்றமற்றவரல்லர். பிரதமரைக் கட்டுப்படுத்தும் கருவியாக ஜனாதிபதி பதவியைக் கருதினர் என்ற ஐயத்திற்கு அவர்களே இடமளித்தனர். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா இரண்டாம் விருப்ப வாக்கை நாடிச் சுதந்திராக் கட்சி, ஜனசங்கத் தலைவர்களோடு பேசியது அவ்வையத்தை வளர்த்தது. ஒரு பக்கத்தாரின் பிழையை மட்டும் சுட்டுவது மரபைப் போற்றுவோர்க்கு அழகன்று.

எனினும் நம் வினா ஒன்றுண்டு. மனச்சாட்சி கையொப்பத்திற்கு முன்னரே விழித்திருக்கக் கூடாதா? ஏற்கவில்லையெனில் போர்டிலேயே மறுத்துப் பதவி துறந்திருக்கலாம்; அல்லது கையொப்பமிட மறுத்திருக்கலாம். அவற்றுள் எதுவும் மானக்கேடன்று. சபையில் அமர்ந்து, வாக்கெடுப்பில் தோற்று, தோல்வியை ஏற்றதாகக் கையொப்பமிட்டு, பின்னர் அதனைக் கைவிடுவதே தீங்கு. அத்தீங்கின் பயன் உடனே விளைந்தது; அவ்வாண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

இது பெரியோரின் பூசல், எளியோர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் எல்லைக் கிராமங்கள் நமக்குப் பாடம் கூறுகின்றன. திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் நேசமணியின் தலைமையில் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கப் போராடியது. நெய்யாற்றின்கரையும் அவ்வியக்கம் கேட்ட தாலுகாக்களுள் ஒன்று. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

கேட்டதில் ஒரு பங்கே கிடைத்தது. முடிவு வருமுன் அஞ்சாது போராடிய நேசமணி, முடிவு வந்தபின் 1962-லும் 1967-லும் காங்கிரஸ் அபேட்சகராக நாகர்கோவிலில் வென்று அதே பார்லிமெண்டில் அமர்ந்தார். எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட தமிழரோ புதிய ராஜ்யத்தின் சட்டத்திற்குள் தம் வாழ்வை அமைத்துக்கொண்டனர். உள்ளம் நோகாமலா இருந்திருக்கும்? ஆயினும் சிறுபான்மையோர்க்கு அரண் ஒன்றே: பெரும்பான்மையோரும் விதியைக் காப்பர் என்னும் நம்பிக்கை. வலியோர் தமக்கு ஒவ்வாத முடிவைக் கைவிடலாம் எனில், எளியோர்க்குச் சாதகமான முடிவும் ஒரு நாள் கைவிடப்படும். பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் பிறர் நடுவே வாழும் தமிழர்களாகிய நாம் இதனை நன்கு உணர்வோம்.

ஆறுதலும் அவ்வரலாற்றிலேயே உண்டு. கிரியின் தேர்தலை எதிர்த்த வழக்கில் ஜனாதிபதியே சுப்ரீம் கோர்ட்டில் சாட்சி கூறினார், 1970-இல் வழக்குத் தள்ளப்பட்டது, தீர்ப்பு ஏற்கப்பட்டது. தோல்வியுற்ற ரெட்டி 1977-இல் போட்டியின்றி ஜனாதிபதியானார். இன்று ஜனாதிபதி பதவிக்கு மனுச் செய்வோரை ஐம்பது பேர் முன்மொழியவும் ஐம்பது பேர் வழிமொழியவும் வேண்டும். அந்த நூறு கையொப்பங்களும் மையால் மட்டும் இட்டவையாக இல்லாமல் மனத்தாலும் இட்டவையாக இருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.