செங்கல் வீடும் சுமையின் கணக்கும்



நவீன செங்கல் வீட்டைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் முகப்புப் படத்தோடு நின்றுவிடுகிறது. பூசாத சுவரைக் கண்டதும் ‘நேர்மையான கட்டுமானம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சுவரில் சுமையைத் தாங்குவது எது என்று கேட்டால்தான் வீடு விளங்கும்.

ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில், பட்டாலை இயக்குநர்களான ஹெர்மன் லாங்கே, யோசெஃப் எஸ்டர்ஸ் ஆகியோரின் குடும்பங்களுக்காகக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகளை வடிவமைத்தார். 1927இல் தொடங்கிய பணி 1930இல் முடிந்தது. தெருப் பக்கம் சுவர் இறுக்கமாக நிற்கிறது. தோட்டப் பக்கம் அகன்ற சன்னல்களாகத் திறந்துகொள்கிறது. அந்தச் சன்னல்களுக்கு மேலேயும் செங்கல் வரிசை தடையின்றி ஓடுகிறது. வளைவு இல்லை, கண்ணில் படும் லிண்டலும் இல்லை. அவ்வளவு அகலத்தைச் செங்கல் தனியாகத் தாண்டாது. சுவருக்குள் ஒளிந்திருக்கும் எஃகு விட்டங்களே பளுவைச் சுமக்கின்றன. இன்று இரண்டு வீடுகளும் கலைக்கூடங்கள் என்பதால் ஆய்வாளர் நேரில் சென்று பார்க்க முடியும்.

அகமதாபாத்தில் கணக்கு வேறு.

மனோரமா சாராபாய்க்கும் அவருடைய இரு மகன்களுக்குமாக லெ கொர்பூசியே 1950களின் முதற்பாதியில் வடிவமைத்த வீட்டில் இணையாக ஓடும் செங்கல் சுவர்களே அடிப்படை. அவற்றின் மேல் பூசாத கான்கிரீட் விட்டங்கள். விட்டங்களின் மேல் கட்டலோனிய முறையில் தட்டை ஓடுகளால் ஆன வளைகூரைகள். சாந்தில் பதித்த ஓடுகளுக்குப் பலகை அடைப்பு தேவைப்படவில்லை. கூரைமேல் மண் பரப்பிப் புல் வளர்த்ததால் வெயிலின் கடுமை உள்ளே இறங்குவது குறைந்தது. வீசும் காற்றை வாங்கும்படி மனை திசை பார்த்து அமைந்தது. தரைக்குச் சென்னைப் பகுதியின் கருங்கல் போயிருக்கிறது. கூரையிலிருந்து குளத்துக்குள் இறங்கும் சறுக்குமரம், அது பிள்ளைகள் வளரும் வீடு என்று சொல்கிறது.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘எலிப்பொறி’ கட்டு இன்னொரு விடை. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டும்போது சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கிறது. ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். வெப்பமும் மெதுவாகவே கடக்கிறது. இதில் கொத்தனாரின் கைத்திறமைக்கு வடிவமைப்பாளரின் வரைபடத்துக்கு நிகரான இடம் உண்டு.

ஆகவே, இந்தக் கருத்தரங்கில் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் முகப்புப் படத்தோடு சுவரின் வெட்டுத்தோற்றத்தையும் அவையின் முன் வைக்க வேண்டும். செங்கல் எந்தச் சூளையில் வெந்தது, யார் அடுக்கினார்கள், அந்த வீட்டுக் குடும்பம் கோடையை எப்படிக் கழிக்கிறது என்பவையும் ஆய்வுக்கு உரியவை. பழைய செங்கல் வீடுகள் வேகமாக இடிபட்டுவரும் காலம் இது. அளந்து வரைந்து வைக்கும் பணியை இந்த அவையின் இளைய ஆய்வாளர்கள் இப்போதே கையில் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையுடன் கருத்தரங்கின் முதல் அமர்வு தொடங்குகிறது.