சாலை விபத்துக் கணக்கும் வண்டியோட்டும் வழக்கமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



செம்பரம்பாக்கம் ஏரியின் நிலைமை என்னவென்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். ஜலமட்டம் இத்தனை அடி என்பது ஒன்று. இருப்பு இத்தனை மில்லியன் கன அடி என்பது மற்றொன்று. வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்பது மூன்றாவது. ஏரியின் முழு மட்டம் 24 அடி. அப்போது அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் மட்டத்தை மாத்திரம் நோக்கி வரத்தைக் கவனியாதிருப்பது போதாதென்பதை, 2015-ம் வருஷம் டிசம்பர் மாத வெள்ளத்துக்குப் பிறகு, இவ்வட்டாரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஏரியைப் போலவே, ஊரையொட்டிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் படிப்பதில் பலர் ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

2022-ம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் நடந்த சாலை விபத்துக்கள் 4,61,312. மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு. இங்கே நேர்ந்தவை 64,105. இதைக் கண்டதும், தமிழ்நாட்டாரே தேசத்தில் மிக மோசமாக வண்டியோட்டுபவர்கள் என்று சிலர் கூறினார்கள். ஆனால் மரணத்தில் முதலிடம் உத்தரப் பிரதேசத்துக்கு: அங்கே 41,746 விபத்துக்களில் 22,595 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது 100 விபத்துக்கு இங்கே சுமார் 28 உயிர். உத்தரப் பிரதேசத்தில் 54. தேசம் முழுவதற்கும் சராசரி 36½. இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டு ஓட்டுநரே நல்லவர் என்று தோன்றும்.

அந்த முடிவுக்கும் அவசரப்படலாகாது. 100 விபத்துக்கு 28 உயிர் என்பது ஓட்டுநரின் குணத்தை அளப்பது மட்டுமன்று. சிறிய விபத்தையும் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்யும் இடத்தில் விபத்துத் தொகை பெருகும். வீதம் தானே குறையும். காயமடைந்தவரை விரைவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்திலும் அது குறையும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-ல் ஓடத் தொடங்கியது. முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சையளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் ஆரம்பிக்கப்பட்டது. இவை உயிரைக் காக்கின்றன. வண்டியோட்டும் வழக்கத்தைத் திருத்துவதில்லை.

இனி ஜனத்தொகையால் வகுத்துப் பார்ப்போம். 2011-ம் வருஷத்து ஜனக்கணிதத்தை வைத்துக்கொண்டால், 2022-ல் லக்ஷம் பேருக்கு உத்தரப் பிரதேசத்தில் மாண்டவர் சுமார் 11. தமிழ்நாட்டில் சுமார் 25. சற்று முன் நல்லவராகத் தோன்றியவர் இப்போது இரு மடங்கு கெட்டவராகிறார்! தமிழ்நாட்டில் வண்டிகள் அதிகம், பிரயாணமும் அதிகம் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அதில் நியாயமுண்டு. வண்டிகள் பெருகப் பெருக, வண்டி ஒன்றுக்கு நேரும் மரணம் குறைந்துவரும் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்மீட் என்னும் புள்ளிவிவர நிபுணர், 20 தேசங்களின் 1938-ம் வருஷத்துக் கணக்கை ஆராய்ந்து 1949-ல் எடுத்துக்காட்டினார். ஆனால் வண்டி ஒன்றுக்கு என்ற வீதம் குறைந்தது என்று சர்க்கார் திருப்தியடையலாம். பிள்ளையை இழந்த வீட்டுக்கு அதில் என்ன திருப்தி?

கூட்டுறவுச் சங்கத்தாருக்கு இது புது விஷயமன்று. கடன் நிலுவை 10 லக்ஷம் என்று மட்டும் சொன்னால் சங்கம் நல்லதா கெட்டதா என்று யாரும் தீர்மானிக்கமாட்டார்கள். கொடுத்த கடன் எவ்வளவு, அங்கத்தினர் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: நிலுவை முழுவதும் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறதா? நிலுவையை எழுதாத காரியதரிசியின் சங்கம் தணிக்கைக்காரர் வரும்வரையில் மிகவும் செழிப்பாகவே இருக்கும்.

சாலைக் கணக்கிலும் அப்படி ஒன்று நடந்தது. 2016-ல் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,218 பேர். 2019-ம் வருஷத்துக்கு முதலில் அச்சிடப்பட்ட எண் 10,525. மூன்று வருஷத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதென்று மத்திய சர்க்கார் மந்திரி உட்படப் பலர் புகழ்ந்தார்கள். இம்மாநிலத்தைப் பார்த்து மற்றவை கற்றுக்கொள்ள வேண்டுமென்றும் சொல்லப்பட்டது. பின்னர் அந்த எண் திருத்தப்பட்டது. மத்திய சர்க்காரின் 2022-ம் வருஷத்து அறிக்கையில் தமிழ்நாட்டின் 2019-ம் வருஷத்து மரணம் 18,129 என்று காண்கிறது. 2020-ம் வருஷத்துக்கு 8,059 என்றிருந்தது 14,527 ஆயிற்று. 2019-க்கு மட்டும் வித்தியாசம் 7,604 பேர். இவர்கள் எண்ணல்லர், மனிதர்கள். சாலையில் உயிரிழந்து, காகிதத்தில் சில காலம் இறவாமலிருந்தவர்கள். அந்தக் காலமெல்லாம் ‘நன்றாக நடக்கிறது’ என்ற எண்ணத்தின் பேரில் ஆலோசனைகள் நடந்தன.

எழுத்தில் இத்தகைய இழப்பு எவ்விதம் நேரக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்த 30 நாட்களுக்குள் இறந்தால் அது விபத்து மரணமென்பது வழக்கிலுள்ள விதி. திங்கட்கிழமை இரவு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் காயமடைந்தவராகப் பதிவாகிறார். பத்து நாள் கழித்துச் சென்னையிலுள்ள ஆஸ்பத்திரியில் இறக்கிறார். ஆஸ்பத்திரிச் செய்தி உரிய போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, வழக்கின் பிரிவு மாற்றப்பட்டு, மேலே செல்லும் பட்டியலிலும் அது ஏறவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் அவர் என்றென்றைக்கும் காயமடைந்தவரே.

காரணத்தை எழுதுவதிலும் குறையுண்டு. 2022-ல் இந்தியாவில் நேர்ந்த மரணங்களில் 100-க்கு 71-க்கு அதிவேகமும், 5-க்குச் சற்று மேல் எதிர்த்திசையில் ஓட்டியதும் காரணமாகக் காட்டப்பட்டன. அது விதிமீறல்களின் அட்டவணை. சாலை நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் வழி எங்கே இருக்கிறது, விளக்கு எரிந்ததா, கடப்பவர் எத்தனை தூரம் நடக்கவேண்டும் என்பவற்றுக்கு அதில் இடமில்லை. தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டுச் சாலை நீளத்தில் 100-க்குச் சுமார் 2 பங்கே. மரணத்திலோ 36 பங்கு. செம்பரம்பாக்கம் போன்ற ஊர்களின் ஓரமாக வேகமாய்ச் செல்லும் லாரியும், ஆலைத் தொழிலாளரின் பஸ்ஸும், கறவை மாட்டுக்குப் புல் கட்டிவரும் சைக்கிளும் ஒரே சாலையில் சேர்வது இதற்கு ஒரு பெரிய காரணமென்பது சாலையில் நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

வழக்கங்களையும் மறைக்க வேண்டுவதில்லை. ஒரு கிலோமீட்டர் சென்று திரும்பி வருவதைவிட நூறு கஜம் எதிர்த்திசையில் போவதே லாபமென்று மோட்டார் சைக்கிள்காரர் கணக்கிடுகிறார். பாரம் ஏற்றிய லாரி இடப்புறத்தை விட்டு நடுச் சுவரையொட்டியே மெதுவாக ஊர்கிறது. பின்னால் வரும் கார் இடப்புறமாக முந்துகிறது. அங்கேதான் கால்நடையாகச் செல்பவர் இருக்கிறார். முன்விளக்கைச் சிமிட்டுவதற்கு இங்கே ‘வருகிறேன், விலகு’ என்று அர்த்தம். பிரிட்டனில் பலர் அதே சிமிட்டலை ‘நீர் முதலில் செல்லும்’ என்று வழிவிடும் குறியாக வழங்குகிறார்கள். குறி ஒன்றே, பொருள் நேர்மாறு. ஆகவே ஒரு தேசத்தாரின் வழக்கத்தை வேறொரு தேசத்தின் கண்ணாடியால் பார்த்து நல்லது கெட்டது கூறுவதைவிட, அந்த வழக்கத்தால் எந்த இடத்தில் யார் விழுகிறார்கள் என்று எழுதிவைப்பது பயனுள்ளது.

சர்க்காரின் விதிப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று வருஷங்களில் உயிர்ச்சேதமோ பலத்த காயமோ உண்டாக்கிய 5 விபத்துக்கள் நேர்ந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அவ்விடம் அபாயப் பகுதியாகக் குறிக்கப்பட்டுச் சீர்திருத்தத்துக்கு உரியதாகிறது. பதிவாகாத பலத்த காயம் இந்த ஐந்தில் சேராது. ‘சமாதானமாகப் போய்விட்டோம்’ என்று நாலு பேர் முன்னிலையில் முடித்துக்கொண்ட ஒவ்வொரு விபத்தும் விளக்குக் கம்பத்தையோ நடைபாலத்தையோ ஒரு வருஷம் தள்ளிப்போடக்கூடும்.

விபத்து நேரும்வரை காத்திராமலும் அளக்கலாம். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள், சாலைச் சந்திப்பில் உட்கார்ந்து, மோதல் தப்பிய சந்தர்ப்பங்களை எண்ணும் முறையை வகுத்தார்கள். திடீரென்று பிரேக் போட்டது, சட்டென்று ஒதுங்கியது ஆகியவையே அவர்களுடைய கணக்கு. ஸ்வீடன் தேசத்தார் அதைப் பின்னர் விருத்தி செய்தார்கள். இதற்கு யந்திரம் வேண்டியதில்லை. ஆலை ஷிப்ட் மாறும் வேளையில் இரண்டு வாலிபர்கள் ஒரு நோட்டுப் புஸ்தகத்துடன் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்தால் போதும். ஒரு வாரக் கணக்கைக் கலெக்டர் தலைமையிலுள்ள ஜில்லா சாலைப் பாதுகாப்புக் கமிட்டிக்கு அனுப்பினால், வெறும் மகஜரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

உதவி செய்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்று அஞ்சி, அடிபட்டவரைத் தொடாமல் நிற்போர் இன்னும் இருக்கிறார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு இவ்வச்சத்தை நீக்கி உத்தரவளித்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்கில்லை. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

சங்கத்தின் அலுவலகத்தில் இதற்கென ஒரு தனிப் புஸ்தகம் வைப்பதானால் பத்திகள் அதிகம் வேண்டாம். தேதி, மணி, கிலோமீட்டர் கல்லிலிருந்து தூரம், எந்தப் பக்கம் நோக்கிய வண்டி, விளக்கு இருந்ததா, எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள், ஸ்டேஷனில் பதிவு எண் என்ன. கடைசிப் பத்தியை மட்டும் அன்று காலியாக விட்டுவைத்து, முப்பதாம் நாள் அந்த வீட்டுக்குச் சென்று விசாரித்துப் பூர்த்தி செய்ய வேண்டும்.