அரிசி விலையும் அரசியல் உரிமையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கே கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிங்கப்பூர் சென்று வந்தவர் அங்கு ஒரு தட்டுச் சோற்றின் விலையைக் கூறுவார். நாம் உடனே அதனை இலங்கை ரூபாவிற் பெருக்கிப் பார்ப்போம். ஐந்து டொலர் என்றால் ஆயிரம் ரூபாவுக்கு மேல் என்று வியப்போம். வியட்நாம் சென்று வந்தவர் அங்கு எல்லாம் மலிவு என்பார்; அந்நாட்டு மக்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று பெருமூச்செறிவோம். இவ்விரு முடிவும் பிழையானவை. விலையை மட்டும் பார்த்து வாழ்வை அளக்க முடியாது. அந்த விலையைக் கொடுப்பவன் அன்று எவ்வளவு உழைத்துப் பெற்றான், அந்தப் பொருளை விளைவித்தவனுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற இரு வினாக்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

முதல் வினாவை இரு நாடுகளில் வைத்துப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டில் மணிலாப் பெருநகரில் சட்டம் விதித்த குறைந்தபட்ச நாட்கூலி 610 பீசோ. அவ்வாண்டு செப்டெம்பரில் அரசாங்கம் சாதாரண அரிசிக்குக் கிலோ 41 பீசோ என உச்சவிலை விதித்தது. ஆகவே ஒரு நாட் கூலிக்கு ஏறக்குறைய 15 கிலோ அரிசி. அதே ஆண்டில் மலேசியாவிற் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 58 ரிங்கிட். உள்ளூர் வெள்ளையரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோ 2 ரிங்கிட் 60 சதம். ஆகவே ஒரு நாட் கூலிக்கு 22 கிலோ அரிசி. நாணய மாற்று வீதத்தைத் தொடாமலே இரு தொழிலாளரின் நிலையை இவ்வாறு ஒப்பிடலாம்.

ஆயினும் சட்டம் படித்தவர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியிருக்கிறது. வர்த்தமானியில் அச்சாகும் விலை வேறு, கடையிற் கொடுக்கும் விலை வேறு. 2023 யூலையில் இந்தியா பாஸ்மதியல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. உலகச் சந்தையில் விலை ஏறிற்று. மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலை உயர்ந்ததும், கட்டுப்பாட்டு விலைக்குரிய உள்ளூர் அரிசி கடைத்தட்டுகளிலிருந்து மறைந்தது. பிலிப்பைன்சிலோ உச்சவிலைக் கட்டளை ஒரு மாதத்துக்குள் நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அந்நாட்டின் அரிசி விலை முந்திய ஆண்டின் மார்ச்சிலும் பார்க்க 24 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது.

பிலிப்பைன்சின் கதை கமக்காரர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய கதை. உலகின் புகழ்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960இல் அந்நாட்டின் லொஸ் பாஞோஸ் என்ற ஊரிலேயே நிறுவப்பட்டது. ஆசியாவின் விளைச்சலைப் பெருக்கிய ஐ.ஆர். 8 என்ற நெல்லினம் 1966இல் அங்கிருந்தே வெளிவந்தது. அவ்வாறிருந்தும் அண்மை ஆண்டுகளில் உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடாக அது விளங்கியிருக்கிறது. வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் உள்ளவை போன்ற பேராற்றுக் கழிமுகங்கள் அதற்கில்லை. ஆண்டுதோறும் சூறாவளி வேறு. நல்ல விதை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2019இல் அந்நாடு இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கி, 35 வீதத் தீர்வையுடன் எவரும் அரிசி இறக்கலாம் என்று சட்டம் செய்தது. நுகர்வோருக்கு மலிவாகும் என்றார்கள். அவ்வாண்டே நெல்லுக்கு உழவர் பெற்ற விலை வீழ்ந்தது. நான்கு ஆண்டு கழித்து உலக விலை ஏறியபோது நுகர்வோரும் அல்லற்பட்டனர். 2024இல் தீர்வை 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. விலை இறங்கும்போது உழவன் அழுதான். ஏறும்போது பட்டினத்தான் அழுதான். 2022 டிசெம்பரில் வெங்காயம் கிலோ 700 பீசோ வரை விற்றது. அன்றைய மணிலாத் தொழிலாளியின் ஒரு நாட் கூலி அதற்குப் போதாது.

இதைக் கேட்கும் யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளருக்குத் தம் கதை நினைவுக்கு வராமற் போகாது. 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் தோட்டங்கள் செழித்தன. கல்வீடுகள் எழுந்தன. 1977க்குப் பின் கதவு திறக்கப்பட்டது; விலை வீழ்ந்தது. மூடியதும் திறந்ததும் கொழும்பின் முடிவுகள். இரண்டிலும் வடக்கின் கமக்காரனை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். மலிவான அரிசிக்கு விலை கொடுப்பவன் யார்? தாய்லாந்தில் 1955 தொடக்கம் 1986 வரை ஏற்றுமதியாகும் அரிசிமீது ஒரு தனி வரி அறவிடப்பட்டது. வெளிநாட்டுக்கு விற்பவன் வரி கொடுக்க வேண்டியிருந்தமையால் உள்நாட்டிலே அரிசி விலை தாழ்ந்து நின்றது. பாங்கொக் நகரத்து எழுதுவினைஞரும் தொழிலாளரும் மலிவாக உண்டனர். திறைசேரிக்கும் வருமானம் வந்தது. அந்த மலிவின் சுமையைச் சுமந்தவன் வடகிழக்குத் தாய்லாந்தின் ஏழை உழவன். ஒரு தலைமுறைக் காலம் அவன் தன் நெல்லுக்குரிய நியாய விலையின் ஒரு பகுதியை இழந்துகொண்டே வந்தான்.

2011இல் அதே நாடு மறுகரைக்குத் தாவியது. வெள்ளை நெல் தொன் ஒன்றுக்கு 15,000 பாத் கொடுத்து அரசாங்கமே வாங்கும் என்று அறிவித்தது. அது சந்தை விலையிலும் மிக அதிகம். உலகக் கொள்வனவாளர் இந்தியாவையும் வியட்நாமையும் நாடினர். 2012இல் தாய்லாந்து முதல் ஏற்றுமதி நாடு என்ற இடத்தை இழந்தது. களஞ்சியங்களில் அரிசி தேங்கியது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நெல்லைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகப் பணம் கிடையாத உழவர்கள் தலைநகருக்கு வந்து மறியல் செய்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் அத்திட்டமும் ஒழிந்தது. உழவனை வருத்தி விலையைத் தாழ்த்துவதும் நிலைக்காது. திறைசேரியை வருத்தி விலையை உயர்த்துவதும் நிலைக்காது.

அதே தாய்லாந்து செய்த இன்னொரு காரியம் நிலைத்தது. 2001இல் தொடங்கி, 2002இற் சட்டமாக்கப்பட்ட மருத்துவத் திட்டத்தின்படி, வேறு காப்புறுதி இல்லாத எவரும் 30 பாத் கொடுத்து வைத்தியம் பெறலாம் என்றாயிற்று. ஆட்சிகள் கவிழ்ந்தன, அரசியல் யாப்புகள் கிழிந்தன, அத்திட்டத்தை ஒழிக்க எவரும் துணியவில்லை. அரிசியில் ஓரிரு பாத் குறைவதிலும், நோய் வந்தால் வயலை ஈடு வைக்க வேண்டியதில்லை என்ற உறுதி ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிது.

வியட்நாம் வேறொரு பாடம் கூறுகிறது. கூட்டுப்பண்ணை முறையில் உழவன் விளைத்ததில் அவனுக்கென்று எஞ்சியது சொற்பம். 1986இல் விலைவாசி ஓராண்டில் ஏழு மடங்குக்கு மேல் ஏறியது. 1988இல் வடமாகாணங்களிற் பஞ்சம் எட்டிப் பார்த்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் ஆளுங்கட்சி ‘பத்தாம் தீர்மானம்’ என்ற ஒன்றை நிறைவேற்றி, நிலத்தை நீண்டகால ஒப்பந்தத்திற் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. எஞ்சும் விளைவை விரும்பியவருக்கு விற்கும் உரிமையும் கொடுத்தது. அடுத்த ஆண்டே, 1989இல், ஏறக்குறைய 14 இலட்சம் தொன் அரிசியை அந்நாடு ஏற்றுமதி செய்தது. ஒரே ஆண்டில் புதிய ஆறு பாயவில்லை; புதிய வயல் முளைக்கவில்லை. உழுபவன் கையில் நிலமும் விளைவும் உறுதியாக நின்றன, அவ்வளவுதான். நிலத்தின் உடைமை அங்கு இன்னும் அரசுக்கே உரியது என்பதையும், ஒரே கட்சி ஆளும் அந்நாட்டில் அரசாங்கத்தை எதிர்த்து இதுபோன்ற கூட்டம் கூட முடியாது என்பதையும் நாம் மறைக்கவில்லை. நல்லதை எடுத்துக்கொள்வோம், அடிமைத்தனத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நெல்லே விளையாத சிங்கப்பூரை எடுங்கள். 2023இல் அங்கு ஒரு மோட்டார் வண்டியை வைத்திருக்கும் உரிமைப் பத்திரத்துக்கு மட்டும் ஓர் இலட்சம் சிங்கப்பூர் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வண்டியின் விலை வேறு. இதைக் கேட்டால் அங்கு சாதாரண மனிதன் எப்படி வாழ்கிறான் என்று தோன்றும். அவன் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறான். அரசாங்கம் கட்டிய உணவங்காடியில் உண்கிறான். வீடமைப்புச் சபை கட்டிய வீட்டில் வாழ்கிறான். அச்சபை 1960இல் தோன்றியது. 1968 முதல் தொழிலாளர் தம் சேமலாப நிதியைக் கொண்டே அவ்வீடுகளை வாங்க வழி செய்யப்பட்டது. இன்று குடிமக்களிற் பத்துப் பேரில் ஏறக்குறைய எண்மர் அவ்வீடுகளிலேயே வாழ்கின்றனர். எது ஆடம்பரம், எது அத்தியாவசியம் என்று அரசு முதலிலே தீர்மானித்து, முன்னதை விலையேற்றிப் பின்னதைக் கைக்கெட்டச் செய்தது.

இதற்காக 1966இல் ஒரு கடுமையான காணிச் சுவீகரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. காணி இழந்தோர் பலர் சந்தை விலை பெறவில்லை. 2007இலேயே அக்குறை திருத்தப்பட்டது. அந்த அநியாயத்தை நாம் நியாயப்படுத்தோம். ஆயினும் எடுத்த காணியிலே மக்களுக்கு வீடு எழுந்தது. நம் வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்ட செம்மண் காணிகளில் எழுந்தவை எவை? படைமுகாம்கள். தன் தோட்டத்து வெங்காயத்தை விற்று வாழ்ந்த குடும்பம் முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றது. வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேசும் எவரும் இதனை ஒதுக்கிப் பேச முடியாது. சொந்த நிலத்தை இழந்தவனுக்கு எந்த விலையும் அதிக விலையே.

மலேசியாவில் 1956இல் நிறுவப்பட்ட கூட்டரசு நில அபிவிருத்தி அதிகாரசபை இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் காடு திருத்தி, இரப்பரும் செம்பனையும் நாட்டிக் குடியேற்றியது. வறுமை ஒழிப்பில் அது பெருஞ்சாதனை. ஆனால் குடியேறியவர்களிற் பெரும்பாலார் மலாய் மக்கள். அதே காலத்தில் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் இருப்பிடமும் ஒருங்கே இழந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர். அபிவிருத்திக் கணக்கின் மொத்தம் எவ்வளவு பெரிதாயினும், அதில் நம் பங்கு எங்கே என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு இனத்துக்கும் உண்டு. கல்லோயாவை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அத்தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. மலேசிய அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்வெட்டும் கைகள் சிறுசிறு தவணையாகக் கொடுத்த பணம் திரண்டு, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அரசாங்கம் தரும் வரை காத்திராது, தம் சேமிப்பாற் காணியைக் காத்த அச்செயல் கூட்டுறவில் ஊறிய யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஆனால் நாம் மறந்துவிட்ட ஒன்று.

பெரியோர்களே! 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது இந்நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் பதவி துறந்தார். 1998இல் இந்தோனேசியாவில் நாணயம் வீழ்ந்து, மே மாதத்தில் எரிபொருள் விலை ஏறிய சில வாரங்களுள், 30 ஆண்டுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ வீழ்ந்தார். 2021இல் இங்கு ஒரே கட்டளையாற் செயற்கை உரம் தடைசெய்யப்பட்டது. 2022இல் விலைவாசி 70 வீதமளவுக்கு ஏறியது. சனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். ஆட்சியாளர் அடுப்பைத் தொடும்போது அரியணை ஆடும் என்பதை அவர்களும் அறிவர். ஆதலால் உத்தியோகத்தனிடம் ‘அரிசியை மலிவாக்குகிறேன்’ என்றும், கமக்காரனிடம் ‘நெல்லின் விலையை ஏற்றுகிறேன்’ என்றும் ஒரே வாயாற் கூறி, இருவரையும் பிரித்து வைக்கின்றனர்.

நம் வீடுகளில் இப்பிரிவு செயற்கையானது. தமையன் கச்சேரியில் எழுதுகிறான். தம்பி வயலில் நிற்கிறான். இருவருக்கும் பொதுவான கோரிக்கைகள் மூன்று. உழும் நிலம் உழுபவனுக்கு உறுதியுடன் திரும்ப வேண்டும். அறுவடைக் காலத்தில் வெளியரிசி இறங்கி உள்ளூர் விலையை நசுக்காதபடி, இறக்குமதியின் அளவும் காலமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு, பஸ் பயணம் ஆகியவற்றின் செலவு குறைய வேண்டும். அவை குறைந்தால் அரிசிக்கு நியாய விலை கொடுக்க உத்தியோகத்தனுக்கும் வலு உண்டாகும்.

இவற்றை முடிவுசெய்யும் அதிகாரம் நம் மண்ணில் இல்லாதவரை இவை மனுக்களாகவே இருக்கும். 13ஆம் திருத்தம் விவசாயத்தை மாகாண விடயமென எழுதிற்று. காணி அதிகாரத்தைக் கொடுப்பதுபோற் காட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டது. 2013இல் நாம் தெரிந்தெடுத்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின், ஆண்டுக்கணக்கிற் தேர்தலின்றி ஆளுநரின் கையில் அது விடப்பட்டது. சபையில்லாத காலத்தில் நெல்லின் விலையை எவரிடம் முறையிடுவது?

ஆதலால் இக்கூட்டம் கலைவதற்கு முன் ஒரு வேலையை ஒப்புக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வரும் காலபோகத்தில் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் உழவுக்கூலி, விதை, பசளை, எண்ணெய், வெட்டுக்கூலி ஆகிய அனைத்தையும் ஏக்கர்வாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். நம்முள் உள்ள கணக்காளரும் ஆசிரியரும் அக்கொப்பிகளைச் சரிபார்த்து, ஒரு கிலோ நெல்லின் அடக்க விலையைக் கண்டு தரட்டும். சட்டத்தரணிகளாகிய நாம் அதனை மனுவாக்கி, அமைச்சின் முன்னும், வேண்டுமாயின் நீதிமன்றின் முன்னும் வைப்போம். நாட்டு விலையை எவரோ சொல்ல நாம் கேட்டிருந்தது போதும். நம் விளைவின் கணக்கை இனி நாமே சொல்லத் தொடங்குவோம்.