அகலப் பாதை



சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வண்டியேறிக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் இன்றும் அவ்வழியேதான் செல்கின்றனர். ஆனால், அந்நாளைய பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் பாதைக்கோ 1,676 மில்லிமீட்டர். ஆதலால், வடக்கிலிருந்து வந்த சரக்கு வண்டி தாம்பரத்துப் பாதையில் நுழைய இயலாது. சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்றவேண்டும். மீட்டர் பாதை பழுதானதன்று. பிறவற்றோடு பொருந்தாமையே அதன் குறை.

பின்னர் அகலப் பாதை இடப்பட்டது. அதில் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் பழைய மின்சார வண்டிகள் பக்கத்திலேயே ஓடின; 2004 ஜூலையில்தான் அவை நின்றன. பழையதைப் பெயர்த்தெறிந்த பின்னரே புதியதை இடத் தொடங்கியிருந்தால், அன்றாடம் அவ்வழியே செல்வோர் என் செய்திருப்பர்?

இதே கேள்வி இன்று இணையத்தில் கூடிப் பேசும் குழுக்களின் முன்னும் நிற்கிறது. ஒரே நிறுவனத்தின் கீழ் அடங்காமல், தத்தம் கணினியில் மன்றம் அமைத்து, பொது நெறி ஒன்றால் பிற மன்றங்களோடு உறவாடும் குழுக்கள் பல உள்ளன. அத்தகைய நெறிகளுள் ஒன்றாகிய ஆக்டிவிட்டிபப் என்பதை, வலைத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது. இத்தகைய குழு ஒன்று தன் மென்பொருளை மாற்றலாமா என்று ஆராயும்போது, புதியதன் அழகும் விரைவுமே முதலில் கண்ணிற்படும். எதைக் கருதி முடிவு செய்வது? தமிழர் இதை ஒருமுறை பட்டறிந்திருக்கின்றனர்.

1990களில் கணினித் தமிழுக்குப் பாதைகள் பல. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் விவாதித்து, ‘டிஸ்கி’ என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு வேறு குறியீடுகளை ஏற்றது. இவற்றுக்கு முன்பே, 1991இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தது.

ஆயினும், அதற்கு மாறுவதில் தயக்கம் இருந்தது. அத்தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. ஒருங்குறியில் உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், துணைக்குறிகளுக்குமே தனியிடம் உண்டு. ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்ததாக வைக்கப்பட்டது. மெய்யோடு உயிர் கூடியே உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம்; இங்கே முறை தலைகீழாயிற்று என்றனர் அறிஞர் சிலர். அவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ முறையையும் மாற்றாக ஏற்றது.

எனினும் வென்றது ஒருங்குறியே. உலகெங்கும் உள்ள கணினிகள் அப்பாதையில் வந்துகொண்டிருந்தன. தனித்து நிற்கும் செம்மையான பாதையைவிட, எல்லோரோடும் இணையும் பாதையே பயன் தந்தது.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே நினைக்கவேண்டும். பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதிச் சேர்த்தனர். அவை முன்பு டிஸ்கியில் இருந்தன. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. பழைய வடிவும் புதிய வடிவும் அருகருகே கிடைத்தன. தாம்பரத்தில் இரு பாதைகள் ஓடியது போன்றதே இது. தமக்கென ஓர் எழுத்துரு வைத்து, மாற்றும் கருவியும் செய்யாதொழிந்த தளங்களின் எழுத்துக்களை இன்று எளிதில் படிக்க வழியில்லை. எழுதியவர் உழைப்பு வீணாயிற்று.

ஆகவே, மாற எண்ணும் குழு மூன்றை ஆராயவேண்டும். புதிய மென்பொருள் பொது நெறிக்குப் பொருந்துமா? பழைய எழுத்துக்கள் உடன் வருமா? விரைந்து மாற இயலாதவர்க்கு எத்தனைக் காலம் பழைய வழி திறந்திருக்கும்? இரண்டாவது வினா சிறிதன்று. மாஸ்டடான் என்னும் மென்பொருளில் ஒருவர் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தால், அவரைப் பின்தொடர்வோர் உடன் செல்வர். அவர் முன்பு எழுதியவையோ பழைய இடத்திலேயே தங்கிவிடும். அவ்விடம் மூடப்பட்டால் அவையும் மறையும்.

மாணவர்களே, நாளை உங்கள் கழகமோ நண்பர் குழுவோ இத்தகைய முடிவெடுக்கக் கூடினால், புதியதை விரும்புவோர் குரலே ஓங்கி ஒலிக்கும். அங்கே ஓரமாக அமர்ந்து, பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த ஒருவர், “என் எழுத்துக்கள் என்னாகும்?” என்று மெல்லக் கேட்பார். அவருக்கு விடை கண்ட பின்னரே வாக்கெடுப்புக்குச் செல்லுங்கள்.