மணல் நடக்கும் கரையில் துறைமுகம்

வில்லியனூரில் என் இல்லத்துக்கு அண்மையில் ஓடும் சங்கராபரணியாறு கிழக்கே சென்று, கிளைகளாகப் பிரிந்து கடலிற் கலக்கின்றது. அக்கிளைகளுள் ஒன்றாகிய அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்திலேதான் புதுச்சேரித் துறைமுகம் அமைந்துள்ளது. ஆகவே, துறைமுகக் கட்டுமானம் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு.

புதுச்சேரிக்கு ஆழமான இயற்கைத் துறை வாய்க்கவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; சலங்குகள் என்னும் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை ஏற்றி வரும். இவ்விடரைக் குறைக்கப் பிரெஞ்சு ஆட்சியினர் 1866இல் இரும்புப் பாலம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினர். 1952ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. காந்தியடிகள் சிலைக்கு அருகே அலைகளிடையே தலைநீட்டும் தூண்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பின்னர்த் தெற்கே சற்று விலகிக் கான்கிரீட்டுத் தூண்கள்மீது கட்டப்பெற்ற புதுப்பாலம் 1962இல் பயனுக்கு வந்தது. 2022 மார்ச்சில் அதிலும் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது.

இரண்டும் தூண்கள்மீது நின்றவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கரையில் மணல் ஓயாது நடக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி தெற்குப் பக்கமாக வரும் அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் அது தெற்கே திரும்புகின்றது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. தூண்களிடையே மணல் கடந்து செல்லும். கல்மதில் எழுப்பினாலோ, தெற்கே குவியும். வடகரை பட்டினி கிடக்கும். மழைநாளில் பள்ளி முற்றத்து நீரோட்டத்தில் குச்சிகளையும் ஒரு சிலேட்டையும் நட்டு இதனைக் காட்டுவேன். சிலேட்டு உடைந்ததற்காக ஒரு தாயார் என்னோடு வழக்காட வந்ததும் உண்டு!

இதற்குப் பெருஞ்சான்று சென்னை. அங்கே 1870களில் எழுப்பத் தொடங்கிய கல்மதில்களை 1881ஆம் ஆண்டுப் புயல் தகர்த்தது. மீண்டும் கட்டினர். எனினும் கிழக்கு வாயில் வழியே அலையும் மணலும் புகுந்து தொல்லை தந்தன. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் அவ்வாயிலை அடைக்கச் செய்து, வடகிழக்கு மூலையில் புதுவாயில் அமைத்தார். கப்பல்கள் நேரே வந்து அணையும் துறைமேடைகளையும் பெருக்கினார். துறைமுகம் பிழைத்தது. ஆனால் தெற்கே மெரீனா அகல, வடக்கே இராயபுரத்துக் கரை கரைந்தது. வாயிலை மாற்றலாம், மணலின் வழியை மாற்ற இயலவில்லை.

இவ்வளவும் அறிந்த பின்னரே, 1980களில் அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில் இரு கல்மதில்கள் எழுந்தன. தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. மதில் ஒருமுறை கட்டினால் முடிந்துவிடும். மணல் வாருவதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. அது தொடர்ந்து நடைபெறவில்லை. நான் இளமையில் ஓடியாடிய மணற்பரப்பு மறைந்தது, கருங்கற்குவியல் வந்தது. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்குள் எஃகு மேடை ஒன்றை அமிழ்த்தினர். அவ்விடத்தில் மணல் ஓரளவு மீண்டது.

வடக்கேயுள்ள மீனவர் குப்பங்களிலோ கல்மதில் முடியுமிடத்தில் அரிப்புத் தொடங்குகின்றது. என் பழைய மாணவர் ஒருவர் அங்கே வாழ்கின்றார். வலை உலர்த்த மணல் இல்லாமையால், அதனை வீட்டுத் திண்ணையில் விரித்திருக்கின்றார்.