ட்ரயல்ல சொல்லாத வாதம்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ஒரு சட்டத்தை மீறினதுக்காக ஒருத்தர் ஜெயில்ல இருக்கார். அவரோட அப்பீல் நிலுவையில இருக்கும்போதே, அந்தச் சட்டத்தோட முக்கியமான நிபந்தனை அரசியல் சாசனத்துக்கு விரோதமானதுன்னு நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிடுது. இப்போ அவர் வெளியே வந்துடுவாரா?

வந்துடுவார்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல நடந்தது வேற.

அங்கே கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம்னு 1911-லேயே சட்டம் வந்தாச்சு. சல்லிவன் சட்டம்னு பேர். வெளியே மறைத்து எடுத்துப்போக லைசென்ஸ் கேட்டா, அதுக்கு ‘தகுந்த காரணம்’ காட்டணும். ‘எனக்குப் பாதுகாப்பு வேணும்’னு சொன்னா பத்தாது. மத்தவங்களுக்கு இல்லாத தனிப்பட்ட ஆபத்து எனக்கு இருக்குன்னு காட்டணும். அது போதுமா இல்லையான்னு முடிவு பண்றது லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி.

லைசென்ஸ் இல்லாம, குண்டு நிரப்பின துப்பாக்கியோட தெருவில் பிடிபட்டா? யாரையும் சுட வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். கையில் இருந்ததே பெரிய குற்றம். அந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்ச தண்டனை மூன்றரை வருஷம், அதிகபட்சம் 15 வருஷம்.

2022 ஜூன் 23. ‘ப்ரூயன்’ வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தத் ‘தகுந்த காரணம்’ நிபந்தனையை ரத்து செஞ்சது. தீர்ப்பை எழுதினவர் நீதிபதி க்ளாரன்ஸ் தாமஸ். அரசியல் சாசனம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்த ஒருத்தர் அதிகாரிகிட்ட தனிக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான் சாரம்.

வழக்கு போட்டது துப்பாக்கி உரிமையாளர்கள் சங்கம். ஆனா அவங்க பக்கம் வந்து நின்னவங்கள்ல, ப்ராங்ஸ், ப்ரூக்ளின் பகுதிகள்ல ஏழைகளுக்காக வாதாடுற வக்கீல்களும் இருந்தாங்க. அவங்க நீதிமன்றத்துக்குச் சொன்னது: ‘இந்தச் சட்டத்துல மாட்டி எங்ககிட்ட வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பினத்தவங்க அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்.’

தீர்ப்பு வந்ததும், அப்பீல் நிலுவையில இருந்தவங்க அதையே கையில் எடுத்தாங்க. ‘லைசென்ஸ் கொடுக்கிற முறையே தப்புன்னா, லைசென்ஸ் இல்லைன்னு என்னை எப்படித் தண்டிக்கலாம்?’

2023 நவம்பர்ல நியூயார்க்கின் உச்சபட்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன்: அந்த மாநிலத்துல ‘சுப்ரீம் கோர்ட்’னா விசாரணை நடக்கிற கோர்ட். எல்லாத்துக்கும் மேல இருக்கிறது ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. அது சொன்ன பதில்: ‘இந்த வாதத்தை நீங்க ட்ரயல் கோர்ட்ல எழுப்பல. அதனால இங்கே கேட்க முடியாது.’

வாதம் சரியா தப்பான்னே அந்த அப்பீல்கள்ல பார்க்கல. கதவு அதுக்கு முன்னாடியே மூடிடுச்சு.

எதிர்த்தரப்பு கேட்டது நியாயமாத்தான் படுது. ‘ட்ரயல் நடந்தப்போ சட்டம் செல்லும்னுதான் கோர்ட்டுகள் சொல்லிட்டிருந்தது. தோற்கப்போற வாதத்தை எந்த வக்கீல் எழுப்புவார்?’ ‘ப்ரூயன் வழக்கைப் போட்டவங்க எழுப்பினாங்களே? கீழ் கோர்ட்டுகள்ல தோத்துட்டுத்தானே மேல வந்தாங்க?’ என்பதுதான் அதுக்குப் பதில். அந்தத் தீர்ப்புல மாறுபட்ட கருத்தும் இருந்தது.

இந்த விதிக்கும் காரணம் இருக்கு. தப்பைச் சரிசெய்யற முதல் வாய்ப்பு ட்ரயல் ஜட்ஜுக்குக் கிடைக்கணும். அரசுத் தரப்புக்கும் பதில் சாட்சியம் வைக்க நேரம் வேணும். இல்லைன்னா ஒவ்வொரு புதுத் தீர்ப்புக்கும் பழைய வழக்கெல்லாம் திரும்ப வரும். தவிர, ப்ரூயன் தீர்ப்புல விழுந்தது ஒரு நிபந்தனை மட்டும்தான். லைசென்ஸே வேண்டாம்னு அந்தக் கோர்ட் சொல்லல.

ஆனா இந்த விதியோட விலையை யார் கொடுக்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. சங்கத்துக்குப் பணம் இருந்தது, நேரம் இருந்தது, வருஷக்கணக்கா தோத்துத் தோத்து மேல வர முடிஞ்சது. கைவிலங்கோட நிக்கிறவருக்குக் கிடைக்கிறது ஒரு அரசு வக்கீல், அவர் கையில் நிறைய வழக்குகள். இன்னைக்கு எல்லாக் கோர்ட்டும் நிராகரிக்கிற வாதத்தை, நாளைக்கு ஜெயிக்கலாம்னு யாராவது அந்த அவசரத்துல பதிவு செஞ்சு வச்சிருந்தா, அவரோட அப்பீல்ல அதைக் கேட்டிருப்பாங்க. வைக்காதவருக்குக் கதவு மூடிடுச்சு.

ரெண்டு பேர் செஞ்சதும் ஒரே காரியம்தான். வித்தியாசம் ட்ரயல் ரெக்கார்டுல இருக்கிற ஒரு வரி.

சட்டம் படிக்கிறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, அந்த ஒரு வரியை மறக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.