மயக்க மருந்தும் மறைக்கக் கூடாத உண்மைகளும்



கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் அன்று பால்மரம் வெட்டியவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. இரைப்பையையும் குடலையும் குழாய்விட்டுப் பார்க்கும் சோதனைக்காக ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "மயக்கம் கொடுப்பார்களாமே, எழுந்திருப்போமா?" என்று தோட்டப் பள்ளி ஆசிரியர்களான எங்களிடம் கேட்கிறார்கள்.

இத்தகைய சோதனைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. நோயாளி அரைத்தூக்கத்தில் இருப்பார். மூச்சு தானாகவே நடக்கும். விரலில் மாட்டும் சிறு கருவி இரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் காட்டிக்கொண்டிருக்கும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனிப்பார்கள்.

எந்த மருந்தைக் கொடுப்பார்கள்? எல்லாருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. மிடாஸோலாம் பயத்தைத் தணிக்கும். நடந்ததை மறக்கச் செய்யும். ஆனால் வலியைப் போக்காது. வலிக்கு ஃபென்டனில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். ஆகவே சிறிது சிறிதாகவே கொடுப்பார்கள். இவ்விரண்டையும் முறிக்க மாற்று மருந்து இருக்கிறது. பால்போல் வெண்மையான புரோபோஃபோல் விரைவில் உறங்க வைக்கும், விரைவில் தெளியும். ஆனால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அதற்கு முறிவு மருந்தும் இல்லை. கேட்டமைன் வலியைப் போக்கும். மூச்சை அவ்வளவாக அடக்காது. ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். முதியவர்களுக்கு எந்த மருந்தானாலும் அளவைக் குறைப்பது வழக்கம்.

இப்படித் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு நம் பதில்களே துணை. எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா, "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்று தாதியிடம் சொல்லிவிட்டார். பாட்டிதான், "பால் கோப்பி குடிச்சாருங்க" என்றார். சோதனையை ஒத்திவைத்தார்கள். தாத்தாவுக்குப் பாட்டிமேல் கோபம். உண்மையில் பாட்டி அவரைக் காப்பாற்றினார். அரைத்தூக்கத்தில் வாந்தி வந்தால், அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரணமாக, உணவையும் பாலையும் 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள்.

குடிப்பழக்கத்தைச் சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். அதுவும் மருந்தின் அளவை மாற்றும். பலத்த குறட்டை, ஆஸ்துமா, ஒவ்வாத மருந்து, கட்டுப்பல், சாப்பிட்டு வரும் மாத்திரைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீரிழிவு மாத்திரையை அன்று சாப்பிடலாமா என்று முன்பே கேளுங்கள்.

துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம்.

டாக்டரிடம் உண்மை சொன்னால் மானம் போகாது, நேயர்களே. மறைத்தால் உயிர் போகலாம். இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.